மழைக்குள் ஒரு வாசிப்பு

பல நாடுகளின் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே வாசிப்புச் சோதனை வைக்கும் வேலை என்னுடையது. இன்று இலங்கை மலையகத்தில், லிந்துலைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் இருக்கிறேன். மாணவி கவிதா வாசிக்கத் தொடங்கியதும் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. உதடுகள் அசைகின்றன, ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் அவளுக்கு மதிப்பெண் இல்லை.

"மழை விடட்டும்மா!" என்று கத்துகிறேன்.

டீச்சர் சிரிக்கிறார். "இது இப்ப விடாதுங்க மிஸ். மழைன்னா எங்க புள்ளைங்க காதுகிட்ட வந்துதான் வாசிப்பாங்க."

கவிதா மேசையைச் சுற்றி வந்து, கைகளைக் குவித்து, என் காதோரம் வாசிக்கிறாள். குளிருக்கு அவள் மூச்சு இதமாக இருக்கிறது. ஓரிடத்தில் தடுமாறி, திருத்திக்கொண்டு முடிக்கிறாள்.

"கேட்டுச்சாங்க மிஸ்?"

இத்தனை நாடுகளில் எந்தப் பிள்ளையும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.