அழுத்தித் தொடச் சொன்ன டீச்சர்

வசந்தி டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி, நான் வீட்டில் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது போனில் வந்தது. தெரபி மையத்துக்கு மகனை அழைத்து வரும் அமலாதான் சொன்னாள். "நெஞ்சு வலின்னாங்களாம்க்கா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…" மையத்து அம்மாக்களே, டீச்சரைப் பற்றி அழுது வடிந்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. அதனால் சந்தோஷமாகவே எழுதுகிறேன்.

என் மகள் ஜெனிக்கு ஆட்டிசம் என்பது உங்களுக்குத் தெரியும். தலையைத் தடவினால் கத்துவாள். கன்னத்தைத் தொட்டால் கடிப்பாள். பெற்றவளைத் தானாக வந்து ஒருநாளும் தொட்டதில்லை. அரூர் பக்கமிருந்து பஸ் ஏறி முதல்முதலாகத் தருமபுரி மையத்துக்குப் போனபோது, டீச்சரிடம் அதைத்தான் கேட்டேன்.

"எம்மவ என்னைக்காவது என்னையத் தொடுவாளாங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்கக்கா. நீங்க எப்படித் தொடறீங்க, காட்டுங்க."

பூவைத் தடவுவது போல் தடவிக் காட்டினேன்.

"அதான்! நமக்கு அது பாசம். அவளுக்கு எறும்பு ஊர்ற மாதிரி. மெல்லத் தொடாதீங்க, அழுத்தித் தொடுங்க."

பிறகு ஒரு கம்பளியை விரித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். "அவளா வந்தாத்தான் வெளையாட்டு. நாம இழுத்துப் போட்டா அது தண்டனை," என்றார். வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்த ஜெனி, கடைசியில் தானே போய்ப் படுத்தாள். பாயைச் சுருட்டுவது போல் அவளைச் சுருட்டி, முகத்தை மட்டும் வெளியே விட்டு, பெரிய பந்தை உடம்புமேல் உருட்டி அழுத்தினார். நான் தடுக்க எழுந்தேன். என் பிள்ளையோ கலகலவென்று சிரிக்கிறாள்!

ஒருமுறை எங்கள் வீட்டுக்கும் வந்தார். மூலையில் குவிந்திருந்த புளியங்கொட்டையைப் பார்த்ததும் குதித்தார். "அக்கா, தெரபிய வூட்லயே கொட்டி வச்சிக்கிட்டு எங்கிட்ட எதுக்கு வர்றீங்க?" ஜெனியின் மடியில் பாரமாக வைக்க, பழைய சேலைத் துணியில் கொட்டையை நிரப்பி அவரே பை தைத்தார். தூக்கியதும் தையல் பிரிந்து கொட்டையெல்லாம் உருண்டோடியது.

பக்கத்து வீட்டு ராணி விடவில்லை. "இவ்ளோ படிச்சவங்களுக்கு ஊசி புடிக்கத் தெரியலயே!"

"ராணிக்கா, மொதல்ல பையத் தைக்கட்டா, உங்க வாயத் தைக்கட்டா?"

நான் திரும்பத் தைத்தேன். அந்தப் பையை மடியில் வைத்ததும் ஜெனி ஒரே இடத்தில் உட்கார்ந்து முழுச் சோற்றையும் தின்றாள்!

"சாவு வூட்டுக்கு இந்தப் புள்ளைய எதுக்குக் கூட்டிட்டுப் போற?" என்று டீச்சர் இறந்த அன்று எல்லோரும் தடுத்தார்கள். அவளுக்கும் டீச்சர்தானே! கூட்டிப்போனேன். அழுகைச் சத்தம் ஏறியதும் அவள் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் நான் உடைந்துபோனேன். அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் என் தோள்களை இறுக்கிப் பிடித்து, முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தின. அமலா என்று நினைத்துத் திரும்பினேன். ஜெனி!

"ஏய், அம்மாவ வுடு!" என்று யாரோ அவளை இழுக்க வந்தார்கள்.

"வுடுங்க! யாரும் அவளத் தொடாதீங்க!" என்று கத்தினேன். "டீச்சர், பாருங்க! தொட்டுட்டா! நல்லா அழுத்தறா பாருங்க!"

சாவு வீட்டில் சிரித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, கையை நீட்டாமல் காத்திருக்கும் பழக்கம். இப்போதும் ஜெனி எல்லா நாளும் வருவதில்லை. வருகிற நாளில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன்.