ஈரம் காயாத தலை

“...அன்னைக்கே நேந்துக்கிட்டேன். சொன்னா வைவீங்கன்னுதான் இத்தனை நாளா வாயைத் தொறக்கலை” என்று சொல்லிவிட்டு, அப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள் அம்மா.

போன தையில் எனக்குக் காய்ச்சல் வந்து கண் சொருகிவிட்டதாம். பிள்ளை பிழைத்தால் என் முடியைத் தருகிறேன் முருகா என்று பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்தாளாம். அந்தக் காய்ச்சல் எனக்கும் ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடம் போகாமல் பாலில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டு படுத்துக் கிடந்த காய்ச்சல். அதில் சாவின் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மறுநாள் வகுப்பில் என் பெஞ்சுக்காரிகளிடம் அதைச் சொன்னேன். பிழைத்து வந்தவளின் நெற்றி எப்படி இருக்கும் என்று ஒருத்தி தொட்டுக்கூடப் பார்த்தாள்.

அப்பா எழுந்து கையைக் கழுவினார். அம்மாவோடு மல்லுக்கட்டுவார், தோட்டத்து முதலாளியோடும் மல்லுக்கட்டுவார். சாமியோடு மட்டும் வம்பு வைத்துக்கொள்ள மாட்டார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அத்தைதான் “ஓகோ” என்றாள். அப்பாவின் அக்காவான அவள் அடுத்த வீட்டில் இருந்தாள். அவள் வைதால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த ‘ஓகோ’வைத் தாங்க முடியாது என்று அம்மா சொல்வாள்.

அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருட்டோடு எங்கள் ஊர் சிலமலைக்கு ஜீப்பு வரும். போடி வழியாக மலையேறி, தோட்டத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாயக் கொண்டுவந்து சேர்க்கும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரில் காய்க்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற தோகைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். கை பட்டால் போதும், தோகையில் நிற்கிற மழைத் தண்ணீரெல்லாம் தலையில்தான் கொட்டும். அதற்குத்தான் பிளாஸ்டிக் தாளைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். கட்டினால் உள்ளே வேர்வை, கட்டாவிட்டால் வெளியே மழை. காய் எடுக்கும் காலமும் மழைக்காலமும் ஒன்றாக வந்து தொலைகிறதே, என்ன செய்ய? இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அம்மாவுக்கு. காலையில் முடிந்த ஈரக் கொண்டையை ராத்திரி அவிழ்த்தால், ஊறவைத்த துணி மாதிரி ஒரு வாடை வரும்.

அப்படித்தான் பொடுகு வந்தது. முதலில் மாவு உதிர்ந்தது போல இருந்தது. பிறகு செதில் செதிலாக வந்தது. சீப்பின் பின்முனையால் சொறிவாள், ஊக்கால் சொறிவாள், அடுப்பில் சோறு பொங்கி வழிந்தாலும் தெரியாமல் சொறிந்துகொண்டே நிற்பாள். தூக்கத்திலும் அவள் கை தலைக்குப் போகும். காலையில் நகத்தில் ரத்தம் காய்ந்திருக்கும்.

ஜீப்பில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போயிற்று. “என்னக்கா, மேட்டுல பனி பெய்யிறதுக்கு முந்தி உன் தோள்ல பெஞ்சிருச்சு” என்று ஒருத்தி சொல்ல, ஜீப்பே சிரித்ததாம். அம்மாவும் சேர்ந்து சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ஆள் சேர்க்கிற பெண் கடைசியில் நேராகவே சொல்லிவிட்டாள். “ஒட்டிக்கிரும்னு எல்லாம் பயப்படுறாளுக. தலையைச் சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா வேற ஆளை ஏத்திக்கிருவேன்.” பொடுகு ஒட்டாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அந்த இடம் போனால் வீட்டில் அடுப்பு எரிவது பாதியாகிவிடும். அப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை.

அம்மா செய்யாத வைத்தியமில்லை. புளித்த தயிர், அரைத்த வெந்தயம், எலுமிச்சம்பழம், வேப்பெண்ணெய் என்று ஒன்றையும் விடவில்லை. வேப்பெண்ணெய் தேய்த்த வாரம் ஜீப்பில் வாடை தாங்காமல் டிரைவரே அவளைப் பின்படியில் நிற்கச் சொல்லிவிட்டார். போடியில் மருந்துக் கடையில் ஷாம்பு வாங்கித் தேய்த்தாள். நாலு நாள் நன்றாக இருந்தது, மழை வலுத்ததும் பழைய கதை. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா நல்லபடியாகப் பார்த்துக் களிம்பு கொடுத்து, “ஈரத் தலையைக் கட்டாதீங்க, நல்லா காய விடுங்க” என்றார். அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். வெளியே வந்ததும், “மழையை நிப்பாட்ட ஒரு களிம்பு குடுத்தா நல்லாருக்கும்” என்றாள் என்னிடம்.

முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளட்டுமா என்று ஒரு நாள் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

“நான் உசுரோட இருக்கேன்ல?” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

“கிராப்பு வெட்டிக்கிட்டு எந்த ஆபீசுக்குப் போகப் போற?” என்றாள் அத்தை.

தலை அரிக்கிறது என்று ஒரு பெண் முடியை எடுத்தால் அது கிறுக்கு, சாமிக்கு என்று எடுத்தால் புண்ணியம். இதை அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எத்தனை ராத்திரி சொறிந்துகொண்டே யோசித்தாளோ, ஒரு நாள் குழம்புக் கரண்டியோடு வேண்டுதலைச் சொல்லிவிட்டாள். அப்படி ஒரு வேண்டுதலே இல்லை என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் உறைத்தது.

பழனிக்கு நாங்கள் மூன்று பேர் போனோம், அம்மா, நான், அத்தை. அத்தையை யாரும் கூப்பிடவில்லை. “சாமி காரியம், ஒத்தையா விடலாமா?” என்று தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

முடியெடுக்கும் மண்டபத்தில் அம்மா தலையை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு நல்ல பாட்டு கேட்பவள் போல அவள் முகம் இருந்தது. அப்படி ஒரு முகத்தை அந்த மழைக்காலம் பூராவும் நான் பார்க்கவில்லை. முடியெடுப்பவர் முடியை இரண்டாகப் பிரித்தார். பிரித்த கை அப்படியே நின்றது.

“என்ன ஆத்தா, தலை பூராம் புண்ணா கெடக்கு? கத்தி பட்டா எரியுமே.”

“எரியட்டும்ணே. எடுங்க” என்றாள் அம்மா மெதுவாக.

மெதுவாகச் சொன்னால் அத்தைக்குக் கேட்காதா என்ன? குனிந்து அந்தத் தலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு ரொம்ப இதமான குரலில் பேசினாள்.

“ஏத்தா, பிள்ளைக்குன்னு நேந்துக்கிட்டு உனக்கு மட்டும் எடுத்தா எப்படி? பொழைச்சவ அவதானே? அவ தலையிலயும் கத்தி படணும்ல? என்ன அண்ணே, நான் சொல்றது?”

“அது அவுக அவுக நேந்துக்கிட்டபடி” என்றார் அவர், கத்தியில் புது பிளேடை மாட்டிக்கொண்டே.

“நேந்துக்கிட்டதாத்தானே சொல்றா. கேளுங்க, கேட்டுட்டு எடுங்க. நானும் தம்பிகிட்டப் போய்ச் சொல்லணும்ல.”

அத்தைக்கு என் மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். சாமிக்குப் பாக்கி வைத்தால் காய்ச்சல் திரும்ப வரும் என்று எண்ணித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அம்மா ஈரம் சொட்டுகிற தலையோடு ஏன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது விளங்கவில்லை. அடுத்த வாரம் பள்ளியில் எனக்குக் கும்மி இருந்தது. பூ வைத்து ஜடை பின்னிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அதை நினைத்ததும் ஜடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் செத்துப் பிழைத்தவள் அழக்கூடாது அல்லவா?

“எனக்கும் எடுக்கணுமாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா தலையைத் தூக்கினாள். அத்தையின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. “எனக்கு அப்புறமா எடுங்கண்ணே” என்று எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையில் என்னை உட்காரவைத்தாள். பின்னால் மண்டியிட்டு, என் ஜடையை முன்னால் இழுத்துப் போட்டு, ரிப்பனை அவிழ்க்கத் தொடங்கினாள்.