கூப்பிட்டால் போகிறவள்

நண்டைப் பின்காலில் பிடித்துத் தூக்கி, மல்லாத்தி, வயிற்றைப் பார்க்கிறாள் அன்ரனிட்டா. மஞ்சளாய் முட்டை ஒட்டியிருக்கிறது. "இது சினை. கடலிலை விட்டிட்டு வாரும்." விற்கக் கொண்டுவந்த மீனவர் முகத்தைச் சுளிக்கிறார். "மற்ற வாடியிலை எடுக்கினம் தங்கச்சி." "அப்ப அங்கை கொண்டுபோம். நான் மறிச்சனானே?" அவர் போகமாட்டார். தராசில் அன்ரனிட்டாவின் கை விளையாடாது என்பது கரம்பொன் கரைக்கே தெரிந்த விஷயம். முணுமுணுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நண்டை விட்டுவிட்டு வருகிறார்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். காற்றுக்கு எதிராகக் கூப்பிட்டுப் பழகிய குரல். கரையில் எல்லோரும் செருப்பில்லாமல் நிற்க, இவள் காலில் மட்டும் வெள்ளை ரப்பர்ச் சப்பாத்து. வெளிநாட்டில் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தபோது போட்டது. அதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு அவளிடம் நல்ல விலை வாங்கியவர்தான் இல்லை. தொலைபேசி அடித்தால் 'ஹலோ' என்பதில்லை. "அன்ரனிட்டா, கரம்பொன்" என்று பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுத்தான் காதைக் கொடுப்பாள். அழைத்தது பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தாலும் அதே வரவேற்புத்தான்.

போயிருந்த நாட்டின் பெயரை மட்டும் சொல்லமாட்டாள். மாமியோடு கோபித்துக்கொண்ட மருமகள் 'அந்த வீடு' என்பது போல, இவளும் 'அந்த நாடு' என்பாள். அங்கே அவளுக்கு விசா இருந்தது, வேலை இருந்தது, வாயிற்கதவில் பெயர் ஒட்டிய ஒரு சின்ன அறை இருந்தது. வருஷா வருஷம் குடிவரவு அலுவலகத்தில் இருந்து அழைப்பு வரும். மடிப்புக் குலையாத சட்டை போட்டுக்கொண்டு போவாள், புதுப்பித்துக்கொண்டு வருவாள். ஒரு வருஷம் ஆட்சி மாறியது. வெளிநாட்டுக்காரரைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பிக் காட்ட வேண்டும் என்று மேலிடத்துக் கட்டளையாம். "உங்கடை ஊரிலை இப்ப சண்டை இல்லையே" என்று சொல்லி விசாவை நிறுத்தினார்கள். புதுப்பிக்கப் போனவளை அங்கேயே மறித்து, அப்படியே விமானம் ஏற்றிவிட்டார்கள். சமைத்து வைத்த சோறு அறையிலேயே கிடந்தது.

அப்படித் திரும்பி வருபவர்கள் கரம்பொன் இருக்கிற இந்தத் தீவுப்பக்கம் உடனே தலைகாட்டமாட்டார்கள். வவுனியாவிலோ கொழும்பிலோ சொந்தக்காரர் வீட்டில் சில மாதம் பதுங்கியிருந்துவிட்டு, பிறகு 'லீவிலை வந்தனான்' என்று ஒரு கதையோடு வருவார்கள். அன்ரனிட்டா மத்தியான பஸ்ஸில், சந்தையால் வருகிற சனத்தோடு சனமாக வந்து இறங்கினாள். "என்ன பிள்ளை, விடுமுறையோ?" என்று கேட்டவரிடம், "இல்லை, பிடிச்சு அனுப்பிப்போட்டாங்கள்" என்றாள். பஸ் முழுவதும் கேட்டது. ஊர் வாய் சும்மா இருக்குமா? 'ஏதோ செய்திருப்பாள், இல்லாட்டில் அனுப்புவாங்களோ' என்று நெடுநாள் மென்றது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கரையில் நண்டு வாங்கி விற்கும் வாடி போட்டாள்; சவிரிமுத்து என்ற அமைதியான ஒரு கடற்றொழிலாளியைக் கலியாணம் கட்டினாள். இன்றைக்கு வலையில் இருந்து நண்டு கழற்றுகிற பெண்கள் எத்தனையோ பேருக்கு அவளிடம்தான் வேலை.

இந்தக் கோடையில் கனடாவில் இருந்து பக்கத்து ஊரான சுருவிலுக்கு வந்திருந்த தம்பிராசா நண்டு வாங்க வந்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். நிழலில் கதிரையைப் போட்டுக்கொண்டு உலக அரசியல் பேசத் தொடங்கினார். "நாங்கள் வரிசையிலை நிண்டு, வழக்காடி, பேப்பர் எடுத்தனாங்கள். களவாப் போய் நிக்கிறவையைப் பிடிச்சு அனுப்பத்தான் வேணும். ஒழுங்கா இருக்கிறவையை ஒருத்தனும் தொடமாட்டான்."

நண்டு கழற்றிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றுவிட்டன. எல்லோரும் அன்ரனிட்டாவைப் பார்த்தார்கள்.

"ஐயா, நான் ஒழுங்கா இருந்தனான்" என்றாள் அவள், தராசில் இருந்து கண்ணை எடுக்காமல். "என்னோடை ஒரே அறையிலை உங்கடை சுருவில் பிள்ளை கஜாலினி இருந்தவள். அவளுக்கு விசா இல்லை. அவள் இப்பவும் அங்கைதான், ஒரு கடையின்ரை குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டு. என்னை அனுப்பிப்போட்டாங்கள். ஏன் தெரியுமோ? என்ரை விலாசம் அவங்களிட்டை இருந்தது. அவளைப் பிடிக்கிறதெண்டால் ஊரெல்லாம் தேட வேணும். என்னைப் பிடிக்கக் கூப்பிட்டாலே போதும், நான் போவன். வலை வைக்கிறவன் வாற பாதையிலைதானே வைப்பான்?"

தம்பிராசா கதிரையை முன்னுக்கு இழுத்தார். "அப்ப உம்மடை கதைப்படி ஒளிச்சிருக்கிறதோ சரி?"

"அதையும் நான் சொல்லேல்லை. அவளின்ரை தாய் செத்த வீட்டிலை போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். அங்கை இருந்து போனிலை பெட்டி மூடுமட்டும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தம் வைச்சு அழக்கூட ஏலாது, பக்கத்து அறையிலை ஆக்கள். அவள் களவெடுக்கேல்லை ஐயா, பயந்தவள். நான் பயப்பிடேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவருக்கு நண்டைச் சரியாக நிறுத்துக் கொடுத்தாள். வழக்கமாக மேலே ஒன்று போடுவாள்; அன்று போடவில்லை. அவளுடைய கோபம் அவ்வளவுதான்.

இப்படிப் பேசியவளுக்கே அடுத்த வாரம் வாய் கட்டிப்போயிற்று. அதே நாட்டில் இருக்கும் தம்பி ஜெனோசன் தொலைபேசி எடுத்தான். அவனுக்கு அகதி வழக்கு நடக்கிறது, வேலை செய்ய அனுமதி உண்டு. மாதாமாதம் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். இந்த மாதம் கையெழுத்து வைக்கப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லையாம். "கஜாலினி அக்கா தங்கடை குசினிக்கு வரச் சொல்லுறா. ஒருத்தரும் தேடமாட்டினமாம். என்னக்கா செய்ய? நீ சொல்லு."

அன்ரனிட்டா கடலைப் பார்த்தபடி நின்றாள். தாய் தகப்பன் போன பிறகு அவள் தூக்கி வளர்த்த தம்பி. 'போகாதை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், தப்பிவிடுவான். ஆனால் பிறகு அவனும் கஜாலினியைப் போலக் குசினிக்குள்ளேயே கிடக்க வேண்டும். 'போ' என்று சொன்னால் அவள் பெருமைக்காக அவனைப் பலி கொடுத்ததாகிவிடும். வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "தம்பி, நான் போ எண்டும் சொல்லமாட்டன், போகாதை எண்டும் சொல்லமாட்டன். ஒளிச்சிருந்தால் உன்னை ஒருத்தரும் குறை சொல்லேலாது. போனியெண்டால், என்ன நடந்தாலும் எனக்கொரு வெக்கமும் இல்லை. வீடு இருக்கு, நான் இருக்கிறன். அதை மட்டும் நினைவிலை வை."

அவன் போனான். மறித்துவிட்டார்கள்.

அவனை விமானம் ஏற்றுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது சவிரிமுத்து மனைவியைத் தேற்றத் தெரியாமல் வலையைத் தேற்றிக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் ஒருக்கால் கொழும்புக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். பஸ்ஸிலை வருவம். ஆக்கள் காணாமல்..."

"ஆக்கள் காணாமலோ?" அன்ரனிட்டா எழும்பினாள். "அவன் ஆரின்ரை கோழியைக் களவெடுத்தவன்?"

பெரிய வானுக்குச் சொன்னாள். பதினான்கு பேர் ஏறும் வான். வெளிநாட்டில் இருந்து பிள்ளை வந்தால் தீவில் அப்படித்தான்: குடும்பம் முழுவதும் வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும், பெட்டிகளை வானின் கூரையில் கட்டிக்கொண்டு ஊருக்குள் வரும், வேலிப் படலைகளில் நிற்கிற சனம் பெட்டியை எண்ணும். திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு யாரும் வான் பிடித்ததில்லை. அன்ரனிட்டா பிடித்தாள். நண்டு கழற்றும் பெண்கள் நல்ல சேலை உடுத்து ஏறினார்கள். ஒருத்தி பூமாலைகூடக் கொண்டுவந்திருந்தாள். வழியெல்லாம் தேவாரமும் மாதா பாட்டும் மாறி மாறி ஓடின. "ஒரு கலியாணத்துக்குப் போறது போலை கிடக்கு" என்று யாரோ சொல்ல, அன்ரனிட்டா, "என்ரை கலியாணத்துக்கும் இவ்வளவு பேர் வரேல்லை" என்றாள். சவிரிமுத்து யன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தார்.

விமான நிலையத்தில் விசாரணைகள் முடிந்து ஜெனோசன் வெளியே வரும்போது வெயில் ஏறிவிட்டது. தலை குனிந்திருந்தது. கையில் தடுப்பு முகாமில் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு சேட்டும் துவாயும் தெரிந்தன. மாலையோடு நிற்கும் பெண்களைக் கண்டதும் அவன் திகைத்து, வேறு யாருக்காகவோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தான். "உனக்குத்தானடா" என்றாள் அக்கா. மாலை கழுத்தில் விழுந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. அவளுக்கும் வந்தது, அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

பையைக் கேட்டு வாங்கினாள். வான் சாரதி பின்கதவைத் திறந்தான். "உள்ளுக்கை வையுங்கோ அக்கா, சின்னப் பைதானே."

அன்ரனிட்டா சில்லில் ஒரு காலை வைத்து, ஏணியைப் பிடித்துக் கூரையில் ஏறினாள். வெறுமையாகக் கிடந்த அந்தப் பெரிய கம்பித் தட்டின் நட்டநடுவே, தீவுச் சந்தியில் நிற்கிறவர்களுக்கு எல்லாப் பக்கத்தாலும் தெரிகிற இடத்தில், தம்பியின் பையை வைத்தாள். தோணி கட்டுகிற முடிச்சுப் போட்டு, கயிற்றை இழுத்துப் பார்த்து, இன்னொரு முறை இறுக்கினாள்.