திருப்பிச் சொல்லும் பாடம்

இல்லை, பேராசிரியரே, மனநல ஆலோசகர் படிப்பை நான் விடப்போவதில்லை.

இன்று மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை. காஜா பெராங் வட்டாரத் தையல் கடையில் நல்ல கூட்டம். ரவிக்கைக்கு அளவெடுத்தபடியே தையல்கார ஆண்டி கேட்டார்.

"மாஸ்டர்ஸ் பண்றியாமே? சொந்த அண்ணன் உயிர மாய்ச்சுக்கப் போறான்னே ஒனக்குத் தெரியல. ஊர்ல உள்ளவங்கள காப்பாத்தப் போறியா லா?"

எங்கள் முதல் பாடம், எதிரில் இருப்பவர் சொன்னதைக் கோபமில்லாமல் அவருக்கே திருப்பிச் சொல்வது.

கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "அண்ணன் செத்ததுக்கு நான்தான் காரணம்னு நெனைக்கிறீங்க, ஆண்டி."

"ஐயோ, நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

அடுத்த பாடம் மௌனம். அவர் அழும்வரை அதைக் கடைப்பிடித்தேன்.

எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

பிறகு, மீதி அளவை எடுக்கச் சொல்லிக் கையைத் தூக்கியபடி நின்றேன்.