ஆட்டுக்குப் போன வெற்றிலை

மடத்துவெளி விநாயகமூர்த்தியைத் தெரியாத கலியாண வீடு புங்குடுதீவில் இல்லை. கக்கத்தில் கறுப்புக் குடை, தோளில் சாதகக் குறிப்புகள் நிறைந்த துணிப்பை, இடது கொடுப்புக்குள் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் சேர்ந்த ஓர் உருண்டை. குறிகட்டுவான் துறையில் லோஞ்சுப் படகுக்கு நிற்கிற சனம் அவருடைய கன்ன வீக்கத்தைத் தூரத்தில் கண்டவுடனேயே, "இண்டைக்கு ஆருக்கோ கலியாணம் பேசப் போறார்" என்று சிரிக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கெட்டிக்காரர். புறோக்கர் என்றால் பொய்யும் புளுகும் என்று நினைப்பவர்கள் அவரிடம் வந்து பார்க்கவேண்டும். பொய் சொல்வார்தான், ஆனால் அளந்துதான் சொல்வார். மாப்பிள்ளையின் வயதில் இரண்டைக் குறைப்பாரே தவிர நாலைக் குறைக்கமாட்டார்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் இருந்தது. சம்பந்தம் பேசப் போன வீட்டில் வெற்றிலைத் தட்டத்தை முன்னால் வைப்பார்கள். எடுத்துப் போட்டால் பேச்சைத் தொடரலாம். தொடாமல் எழும்பினால் 'எங்களுக்கு இது சரிவராது' என்று அர்த்தம். வாயால் மறுத்துச் சொல்லி ஆளை நோகடிக்காமல் இருக்க யாரோ கண்டுபிடித்த நாகரிகம். இருபத்தைந்து வருடத்தில் விநாயகமூர்த்தி ஒரு தட்டத்தையும் தொடாமல் விட்டதில்லை. ஒரு நாளைக்கு நாலு வீடு என்றால் நாலு வாய் வெற்றிலை, வழியில் போட்டது வேறு.

எண்பத்து நாலாம் ஆண்டு மாசியில் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்க யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். பல் டொக்டர் பல்லைப் பார்க்கவில்லை. இடது கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் இழுத்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பஞ்சால் துடைத்தார். அங்கிருந்த வெள்ளைத் திட்டு போகவில்லை.

"இது எத்தனை நாளா இருக்குது, ஐயா?"

"அது சுண்ணாம்பு சுட்டது, டொக்டர். அதுக்குத்தான் அந்தப் பக்கத்துக்கு ஓய்வு குடுத்திட்டு, மூண்டு மாதமா வலப்பக்கம் அடக்கிறனான்."

காணியை ஒரு போகம் தரிசு போடுகிற கணக்கு. டொக்டருக்குச் சிரிப்பு வந்ததை அவர் மறைக்கவில்லை.

"நோ இருக்கோ?"

"ஒரு நோவுமில்லை."

"நோ இருந்தா நீங்கள் முந்தியே வந்திருப்பியள். அதுதான் இதில உள்ள கரைச்சல்."

சின்னத் துண்டொன்றை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், விநாயகமூர்த்தி சோறும் சரியாகத் தின்னவில்லை, ஒரு சாதகமும் பார்க்கவில்லை. முடிவு கேட்கப் போன இடத்தில் டொக்டர் சொன்னார்: "இது இன்னும் புற்றுநோய் இல்லை. ஆனா அந்த றோட்டில கால் வைச்சிட்டுது." திட்டை முழுதாக வெட்டி எடுத்துத் தையல் போட்டார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் இன்றோடு சரி என்றார். வாய்க்குள் வெள்ளையோ சிவப்போ திட்டுத் தெரிந்தாலும், புண் இரண்டு மூன்று கிழமையில் ஆறாவிட்டாலும், நோவில்லை என்று இருந்துவிடக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து வாயைக் காட்டவும் வேண்டும் என்றார்.

வீட்டில் மனைவி மனோகரி கையெடுத்து அம்மனைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு துப்பல் படிக்கத்தைத் தூக்கிக்கொண்டு வளவுக்குப் போனாள். "இருவத்தெட்டு வருசமா இதைக் கழுவினனான். இனி இதில கத்தாளை நடப்போறன்" என்றாள். வெற்றிலைத் தட்டத்தில் அன்றைக்கே செத்தல் மிளகாய் காய்ந்தது.

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். தொழிலுக்குப் போகிறவருக்கல்லவா தெரியும். வியாதியின் பெயரைக் கலியாண வீட்டில் எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. சனம் அதை 'அந்த வருத்தம்' என்றுதான் குசுகுசுக்கும். அதைக் கேட்ட பிறகு யார் அவரைப் படலைக்குள் விடுவார்கள்? ஆகவே தட்டம் வந்தபோது "வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். வேலணையில் ஒரு சம்பந்தம் முறிந்தது. ஊருக்குள்ளேயே இன்னொன்றும் முறிந்தது. நல்ல பொருத்தங்கள், வெற்றிலையால் போயின.

ஆவணியில் நயினாதீவுக்குப் போனார். தியாகலிங்கம் அங்கே காணிபூமி உள்ள மனிதர், அறுபது வயது, மனைவி இல்லை. ஒரே மகள் ஞானசவுந்தரிக்கு முப்பத்திரண்டு. ஏழு இடத்தில் பேசி ஏழும் குழம்பிப்போன பிள்ளை. இப்போது வந்திருக்கும் மாப்பிள்ளை பரமலிங்கம், கொழும்பில் இருந்த கடை எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்துபோக ஊரோடு வந்தவன், பொறுப்பான பெடியன். சாதகம் அச்சொட்டாகப் பொருந்தியது. இதுவும் முறிந்தால் இனிப் பேச்சே எடுக்கமாட்டேன் என்று தியாகலிங்கம் முன்பே சொல்லிவிட்டார்.

அவர் தன் கையாலேயே வெற்றிலை மடித்தார். சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, நல்ல காரப் புகையிலையில் ஒரு துண்டும் வைத்து நீட்டினார்.

"இந்தாரும் மூர்த்தி."

விநாயகமூர்த்திக்கு வாயூறியது. கதவுச் சீலைக்குப் பின்னால் பெண்ணின் கால் விரல்கள் தெரிந்தன. ஒன்றே ஒன்று போட்டால் என்ன வந்துவிடப் போகிறது? ஒரு பிள்ளையின் வாழ்க்கையல்லவா. வாங்கினார். வாய்க்குக் கிட்டக் கொண்டும் போனார். தையல் போட்ட இடத்தை நாக்கு தானாகப் போய்த் தொட்டது. கை இறங்கிவிட்டது.

தியாகலிங்கத்தின் முகம் கறுத்தது. "அப்ப உமக்கும் சரிவராது. நேர சொல்லியிருக்கலாம்."

"ஐயோ அண்ணை, சம்பந்தத்துக்கு ஒரு குறையுமில்லை. என்ர வாய்தான் சரியில்லை." கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போய் ஆவென்று வாயைத் திறந்து தழும்பைக் காட்டினார். வெள்ளைத் திட்டு, சோதனை, டொக்டர் சொன்னது எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். சொல்லி முடிந்ததும் நெஞ்சுப் பாரம் இறங்கினமாதிரி இருந்தது.

தியாகலிங்கம் குனிந்து அந்தத் தழும்பை இன்னொருமுறை பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நொந்ததோ?"

"நோகவேயில்லை."

"எனக்கும் நாக்குக்குக் கீழ ஒரு புண் கிடக்குது. சுண்ணாம்பு சுட்டதுதான்."

"எப்ப சுட்டது?"

"சிவராத்திரிக்குப் பிறகு."

ஆவணியில் இருந்துகொண்டு சிவராத்திரிக் கதை சொல்கிறார். விநாயகமூர்த்தி விரல் மடித்து எண்ணினார், ஆறு மாதம். "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்கு வாங்கோ" என்றார். தியாகலிங்கம் தலையாட்டவில்லை. கலியாணம் ஒப்பேறட்டும், பிறகு பார்ப்போம் என்றார். பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் சொல்லும் அதே பேச்சு.

அப்போதுதான் புறோக்கர் மூளை வேலை செய்தது.

"அப்பிடி ஏலாது அண்ணை. மாப்பிள்ளை பகுதி ஒரு நிபந்தனை வைச்சிருக்கினம்."

"சீதனத்தில கூட்டிக் கேக்கினமோ?"

"சதமும் கேக்கேல்லை. நாள் வைக்க முதல் பொம்பிளையின்ர தேப்பன் ஆஸ்பத்திரியில வாயைக் காட்டவேணுமாம்."

"இதென்ன கண்டறியாத பழக்கம்?"

"கொழும்பில இருந்த பெடியன். அவை உதெல்லாம் பாக்கினம்."

சீலைக்குப் பின்னாலிருந்து ஞானசவுந்தரி வெளியே வந்தாள். கையில் ரோச் லைற். மாப்பிள்ளை வீட்டுக் கதை நடக்கும்போது பெண் வெளியே வருவது வழக்கமில்லை என்பதை அவள் கணக்கெடுக்கவில்லை. தகப்பனின் வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "விடிய முதல் லோஞ்சில போறம் அப்பா" என்றாள். தகப்பன் எழும்பி, நாளைக்குப் போடவென்று சால்வையை உதறிக் கொடியில் போட்டார்.

சோதனையில் தியாகலிங்கத்துக்கு இருந்தது திட்டல்ல, புற்றுநோயேதான் என்று தெரிந்தது. ஆனால் பாக்களவில் இருந்தது, வேறெங்கும் பரவியிருக்கவில்லை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். பேச்சுச் சற்றுக் குழறியது, உயிர் தப்பியது. இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று டொக்டர்கள் சொன்னார்கள்.

விநாயகமூர்த்தி அதற்குப் பிறகு வெட்கத்தை விட்டுவிட்டார். தட்டம் வந்தால் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைப்பார். "பேச்சுக்கு ஓம். வெத்திலை வீட்டில நிக்கிற ஆட்டுக்கு" என்பார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "எங்க, ஒருக்கா ஆவெண்டுங்கோ பாப்பம்" என்பார். சாதகத்தோடு ரோச் லைற்றும் பைக்குள் ஏறியது. மனோகரியின் ஆடு கொழுத்தது.

தை மாதம் நயினாதீவில் கலியாணம். தாலி கட்டி முடிந்து, ஆசீர்வாதம் வாங்க மாப்பிள்ளை பரமலிங்கம் மாமனாரின் காலில் விழுந்தான். தியாகலிங்கம் அவனைத் தூக்கி நிறுத்தி, குழறும் வாயால், "நீர் வைச்ச நிபந்தனைதான் தம்பி என்னை இஞ்ச நிப்பாட்டினது" என்றார்.

பரமலிங்கம் விழித்தான். "நான் ஒரு நிபந்தனையும் வைக்கேல்லையே மாமா."

பந்தலில் பக்கத்தில் நின்ற விநாயகமூர்த்தி மெல்ல நழுவப் பார்த்தார். தியாகலிங்கம் அவருடைய சால்வையைப் பிடித்து நிறுத்தினார்.

"அப்ப அது உம்மட பொய்."

"ஓம் அண்ணை" என்றார் விநாயகமூர்த்தி.

தியாகலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மணவறையில் மகள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டத்திலிருந்த வெற்றிலைச் சுருள் முழுவதையும் அப்படியே அள்ளிப் புறோக்கரின் துணிப்பைக்குள் திணித்தார்.

"கொண்டுபோய் ஆட்டுக்குக் குடும்" என்றார்.