பாம்புக்கு இரண்டாம் தரம் போட்டவள்

இரண்டு சனிக்கிழமைகளுக்கு முன்பு, எங்கள் வீட்டு வாசலில் கார் சூடாகிக்கொண்டிருந்தது. பெட்டிகள் ஏறிவிட்டன. பயணி மட்டும் ஏறவில்லை. ஏற முடியாதபடி செய்தவள் நான்தான்.

பயணியின் பெயர் இஞ்சி. என் மகள் அனிற்றா வளர்க்கும் பாம்பு.

பொறுங்கள், பக்கத்தைத் திருப்பாதீர்கள்! சோளப் பாம்பு என்பது அதன் இனம். விஷம் கிடையாது. செம்மஞ்சள் நிறம், ஒன்றேகால் மீற்றர் நீளம், என் பெருவிரலைவிடக் கொஞ்சம் தடிப்பு. எங்களுக்கு டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, பாம்புக்கு மட்டும் தமிழில் பெயர் வைத்திருக்கிறாள். இதை எங்கே போய்ச் சொல்வது?

அவள் வைலேயில் தனியாக வீடெடுத்து இந்தப் பாம்பை வாங்கியபோது, "உது அங்கை இருக்குமட்டும் உன்ரை வாசல்படி மிதிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னது. ஆனால் நான் பிடித்தால் பிடிதான். நாங்கள் இருக்கும் பிரெடெரிசியாவிலிருந்து வைலே இருபது நிமிடம். இரண்டு வருடமாகப் போகவில்லை. அவள் வருவாள், சாப்பிடுவாள், போவாள். பாம்பைப் பற்றி நான் கேட்பதில்லை, அவள் சொல்வதில்லை. அதோடு சேர்த்து வேறு பல விஷயங்களையும் அவள் என்னிடம் சொல்லாமல் விட்டாள் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

இப்போது அவளுக்கு ஹ்விடோவ்ரேயில் வேலை. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில். இரண்டரை மணி நேரக் கார்ப்பயணம், நடுவில் இரண்டு கடல் பாலம். கனடாவில் இருக்கும் என் தம்பியிடம் இதைத் தூரம் என்றால் சிரிப்பான். ஆனால் டென்மார்க்கில் இதற்குமேல் போனால் கடலில்தான் விழவேண்டும்.

வைலே வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாள் முந்திக்கொண்டது. பெரிய கண்ணாடிக் கூட்டைப் புது வீட்டில் வைத்து, சூடாக்கும் விளக்கும் பூட்டிவிட்டாள். பாம்பு போய்ச் சேரும்போது கூடு தயாராகச் சூடாக இருக்கவேண்டுமாம். மற்ற வேலைகள் முடியும் வரை ஐந்து நாள் இஞ்சி ஒரு சின்னக் கூட்டில் எங்கே இருப்பது?

"அம்மா, ப்ளீஸ்... வேறை ஆக்கள் இல்லை."

வேறு ஆட்கள் இல்லை என்பது பொய். அவளுக்குச் சிநேகிதர் நிறைய. என்னிடம்தான் கேட்கவேண்டும் என்று கேட்டாள். அதனால் ஓம் என்றேன்.

எங்கள் வீட்டில் சூடு கூடிய இடம் முன்னறை மூலை. அங்கே மாதாவின் சுரூபம் இருக்கிறது. மாதாவின் காலடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் – மிதிபட்டுக் கிடக்கும் பாம்பு. இஞ்சிக்கு அது தெரியாதபடி கூட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். விருந்தாளியைச் சங்கடப்படுத்தலாமா?

போகுமுன் அனிற்றா ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள். முதல் வரி, இரண்டு கோடு போட்டு: 'சாப்பாடு கொடுக்கவேண்டாம்.' அடுத்தது தண்ணீர் மாற்றுவது, சூடு பார்ப்பது, மூடியைப் பூட்டுவது. டேனிஷ்தான். எனக்கு நன்றாக விளங்கும். இருபது வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை, தாளில் எழுதியதை வரி தவறாமல் செய்து பழகியவள் நான். அங்கே ஒரு ஆள் 'வேண்டாம்' என்றால் தட்டை எடுத்துவிடுவேன், வற்புறுத்தமாட்டேன். சட்டம் அது. அந்தச் சட்டமெல்லாம் வேலையிடத்துச் சப்பாத்தோடு கழன்றுவிடும் போலிருக்கிறது.

நாலு நாள் ஒழுங்காக இருந்தேன். வெள்ளி பின்னேரம் வேலையால் வந்து பார்த்தால், இஞ்சி கண்ணாடியில் மூக்கை வைத்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருக்கிறது. நாக்கு வெளியே வந்து வந்து போகிறது. விடிந்தால் தூரப் பயணம். நாலு நாளாக வயிற்றில் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாராவது வெறும் வயிற்றோடு வெளிக்கிட்டிருக்கிறார்களா? மின்சார மீற்றர் வாசிக்க வந்தவரே நான் பொரித்த ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஃப்ரீசரில் கணவாய்ப் பொதிக்குக் கீழே புது வீட்டுக்குக் கொண்டுபோக அவள் வைத்துவிட்டுப் போன உறைந்த எலிகள் இருந்தன. ஒன்றை எடுத்து, வெந்நீரில் வைத்து இளக்கி, பாபகியூ இடுக்கியால் பிடித்து நீட்டினேன். லபக்! பத்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

ஒரு தரம் போட்டுவிட்டு நிறுத்துவது எங்களிடம் உண்டா? இன்னொன்றும் போட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன் – சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளுடைய வீட்டு ஆளுக்கு நான் சமைத்துப் போட்ட மாதிரி.

சனிக்கிழமை காலை அனிற்றா வந்தாள். பருத்தித் தலையணை உறை ஒன்று, காற்றுக்குத் துளை போட்ட, தெர்மகோல் மாதிரியான ரெஜிஃபோம் பெட்டி ஒன்று. பாம்பை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, பெட்டிக்குள் வைக்கவேண்டும். குளிர் படாது, இருட்டில் பயமும் இருக்காது. அப்பாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். அவர்தான் கார் ஓடப்போகிறவர்.

"ஏன் பிள்ளை, சாப்பாடு குடுக்கக் கூடாதெண்டு எழுதினனீ?" என்று அவர் கேட்டார்.

"சாப்பிட்டிட்டுக் காரிலை ஆடினால் சத்தி எடுக்கும் அப்பா, திண்டது வெளியிலை வரும். மனுசர் எடுக்கிற மாதிரி இல்லை. சில நேரம் செத்தும் போகும்."

நேற்றுப் போட்ட இரண்டு எலியும் என் கண்முன் வந்தன. சொன்னால்? வேண்டுமென்று செய்தேன் என்று நினைப்பாள். இரண்டு வருடமாக அந்தப் பாம்பை வெறுத்த அம்மாதானே! சொல்லாவிட்டால்? பாலத்தின் நடுவில் அது செத்துப்போகும், என்னைத் தவிர யாருக்கும் காரணம் தெரியாது. அனிற்றா கூட்டின் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டாள்.

"பிள்ளை, தொடாதை!"

திரும்பிப் பார்த்தாள்.

"நேற்றுச் சாப்பாடு குடுத்தனான்."

"உமக்கு விசரே?" – இது என் கணவர். அனிற்றா கையை மெதுவாக வெளியே எடுத்தாள்.

"ஏன் அம்மா?"

"தூரப் பயணம்... வெறும் வயித்தோடை எப்பிடி அனுப்புறது?"

"எத்தினை குடுத்தனீங்கள்?"

"ரெண்டு."

"ரெண்டா!"

"கண்ணாடியிலை மூக்கைத் தேச்சுக்கொண்டு நிண்டது. பசியாக்கும் எண்டு நினைச்சன்."

"அது வெளியிலை போக வழி பாத்திருக்கும் அம்மா!"

அவள் நிலத்தில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. கிட்டப் போனால்... சிரிக்கிறாள். கண்ணீர் வரச் சிரிக்கிறாள். "நீங்கள் கையாலையா குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். "இடுக்கியாலை" என்றேன். மறுபடியும் சிரிப்பு.

திங்கட்கிழமை அவளுக்கு வேலை தொடங்குகிறது. இஞ்சிக்கு இரண்டு எலியும் செரிக்கக் கிட்டத்தட்ட ஒரு கிழமை வேண்டும். போகுமுன் சொன்னாள்: "அடுத்த சனி நீங்கள் கொண்டுவாங்கோ, அம்மா."

அப்பாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

அந்தக் கிழமை முழுக்கத் தினமும் போன். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற பிள்ளை! முதல் கேள்வி, "சத்தி எடுத்ததா?" இல்லை என்றதும் புது வேலை, புதுச் சிநேகிதர், மேல்வீட்டுக்காரர் எல்லாம் கதைப்பாள். இஞ்சி ஒரு மாதம் செரிக்காமல் இருந்தாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. கர்த்தர் மன்னிக்கட்டும்.

போன சனிக்கிழமை வெளிக்கிட்டோம். வெளியே உறைபனி. காரை இருபது நிமிடம் முன்கூட்டியே சூடாக்கினோம். தலையணை உறை என்னுடையது – பூ வேலை செய்த நல்ல உறை. பெட்டியை என் மடியில் வைத்து பெல்ட் போட்டேன். வழக்கம்போல எனக்கு ஒரு சிலுவை போட்டு, பெட்டிக்கும் ஒன்று போட்டேன். ஹீட்டர் சூட்டில் என் கணவர் ஜக்கெட்டைக் கழற்றி, சுவெட்டரையும் கழற்றி, பனியனோடு கார் ஓடினார். தை மாதத்தில்!

நடுவழியில் ஒரு தரிப்பிடத்தில் நின்றோம். பாம்பைக் காரில் தனியே விடமுடியாது, குளிர்ந்துவிடும். ஒருவர் மாறி ஒருவர் இறங்கினோம். நான் கட்டிக்கொண்டுவந்த ரோல்ஸை அவர் சாப்பிட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மடியில் ஒன்று பட்டினியாக வரும்போது நான் எப்படிச் சாப்பிடுவது?

ஹ்விடோவ்ரேயில் அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாசல்படியில் ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு பாம்போடு உள்ளே போனேன். என் மகளின் வீட்டுக்குள் நான் முதல்முதலாகப் போனது அப்படித்தான்.

உறையின் முடிச்சை அவிழ்த்தாள். இஞ்சி நாக்கை நீட்டி, மெல்ல ஊர்ந்து, தன்னுடைய கூட்டில் மரப்பட்டைக்குக் கீழே போய்ச் சுருண்டது. "ஒண்டும் இல்லை, நல்லா இருக்கிறாள்" என்றாள் அனிற்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாம்புக்காக அழுதேன் என்று என் சகோதரிகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

திரும்ப வெளிக்கிடும்போது பொழுது சாய்ந்துவிட்டது. "சாப்பிட்டிட்டுத்தான் போறது" என்று மறித்தாள். சோறு, கோழிக்கறி, பருப்பு. உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. ஒரு தரம் போட்டாள். போதும் என்று தட்டைக் கையால் மறைத்தேன். கையை விலக்கிவிட்டு இரண்டாம் தரமும் போட்டாள். இதை அவளுக்கு யாரும் தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டவில்லை.

பெரிய பாலத்தில் காற்று காரை ஆட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயணத்துக்கு முன் சாப்பாடு கொடுக்கவேண்டாம் என்று அவள் எழுதியது முழுக்கச் சரி... ஆனால், செத்தாலும் அதை அவளிடம் சொல்லமாட்டேன்.