நான் விட்டுப் படித்த சொல்

கரும்பு எரிந்தால் வெல்லப்பாகு தீய்ந்த வாசனைதான் வரும். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த அந்தக் கோடையில், கச்சிராயபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் பெரியப்பாவின் கரும்புக் கொல்லை எரிந்து மூன்று நாள் கழித்தும், துவைத்து உலர்த்திய என் பாவாடையில்கூட அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏழுமலைதான் தீ வைத்தார் என்று பெரியப்பா போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். ஏழுமலை எங்கள் நிலங்களில் கூலி வேலை செய்தவர், அவர்கள் தெருவுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பெரியப்பா உழுது கொல்லையோடு சேர்த்துக்கொண்டபோது, "பொணத்தத் தூக்கிக்கினு நாங்க எந்தப் பக்கம் போவறதுங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர். சந்தேகப்பட அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

நான்காம் நாள், கள்ளக்குறிச்சி வக்கீலின் குமாஸ்தா ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த செய்தியைக் கொண்டுவந்தார். ஊரிலேயே இங்கிலீஷ் பள்ளிக்கு வேனில் போய்வந்தவள் நான் ஒருத்திதான். வாசலில் கூடியிருந்தவர்களுக்கு நடுவே அதை என் கையில் கொடுத்து, "இன்னா எழுதிக்கிறான், படிம்மா" என்றார் பெரியப்பா.

நாலே வரி. ஏழுமலையின் பெயரை அடுத்து 'அலெஜ்ட்லி' என்று ஒரு சொல் இருந்தது. எனக்குப் பொருள் தெரியவில்லை. வரி முடிவில் 'போலீஸ் செட்', அதாவது போலீஸ் சொன்னது, என்று இருந்தது. அது முக்கியமாகப் படவில்லை. தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டையும் விட்டுவிட்டு, "வழித் தகராறுல ஏழுமலை கரும்புக்குத் தீ வச்சிட்டாரு" என்று படித்தேன்.

"அவன்தான்னே போட்டுக்குதா?"

"ஆமாம் பெரியப்பா."

"பாத்தீங்களா? இங்கிலீஷ் பேப்பர்காரன் பொய்யா எழுதுவான்?"

அதுவரை "அவரு அப்டிப்பட்ட ஆளு இல்லீங்களே" என்று முனகியவர்களும் அடங்கிப்போனார்கள். அதன்பின் ஏழுமலையின் மனைவி சின்னப்பொண்ணுவைக் களை எடுக்க யாரும் கூப்பிடவில்லை. கைதாகி ஜாமீனில் வந்த ஏழுமலை ஒரு வாரம்கூட ஊரில் இருக்க முடியாமல் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். சின்னப்பொண்ணு பிள்ளைகளோடு மூங்கில்துறைப்பட்டிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சில மாதங்களில், கரண்டுக் கம்பிகள் உரசி விழுந்த பொறிதான் காரணம் என்று வழக்கை மூடினார்கள். அந்தச் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் அந்தச் சொல் மறுபடி எதிர்ப்பட்டது. நிரூபிக்கப்படாமல் சொல்லப்படுவது என்று அகராதியில் இருந்தது. பெரியப்பாவின் பீரோவிலிருந்த அந்தத் துண்டைத் தேடி எடுத்துப் படித்தேன். எழுதியவருக்குத் தெரியாததைத் தெரியாது என்றே அவர் எழுதியிருந்தார். அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"இப்ப அத எடுத்துக்கினு இன்னா பண்ணப் போற? உடு" என்றார். நானும் விட்டேன், பல வருஷங்கள் விட்டேன்.

சென்ற தையில்தான் மூங்கில்துறைப்பட்டுக்குப் போனேன். சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் வரிசையாக நின்ற சாலையை ஒட்டிச் சின்னப்பொண்ணுவின் தகரக் கூரை வீடு. சிறுமியாக இருந்தபோது பேர் சொல்லியே கூப்பிட்டவளை, முதல்முறையாக "அக்கா" என்றேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "பேப்பர்ல அப்படிப் போடவே இல்லக்கா" என்றேன்.

சின்னப்பொண்ணு அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேப்பர யாரும்மா கண்டா? நீ சொன்ன, அதான் நம்புனாங்க. படிக்கிற பொண்ணு பொய் சொல்லாதுன்னு எங்க வூட்டுக்காரரே சொல்லிக்கினு இருந்தாரு, சாவற மட்டும்."

ஏழுமலை இறந்து இரண்டு வருஷமாகிறது. எங்கள் ஊரில் அவர்கள் குடியிருந்த வீடு இப்போது வெறும் மேடு. ஊர்ச் செய்திகளெல்லாம் போனில் வருகின்றன. யார் சொன்னது என்று அவற்றில் ஒரு வார்த்தையும் இருப்பதில்லை, கேட்பாரும் இல்லை. வழக்கை மூடிய காகிதத்தை நானே போய்க் கேட்டு வாங்கிப் படித்தேன், ஒரு சொல்லும் விடாமல். ஏழுமலை தீ வைக்கவில்லை. சொல்வது நான்.